ஏடும் அச்சும் இணையமும்

ஒரு நூலில் நல்ல விஷயம் இருந்துவிட்டால் அது தானாகவே வாசகனைச் சென்று சேர்ந்துவிடும் என்று எண்ணுவது, எழுதுகிறவர்களிடத்தும் பதிப்பிக்கிறவர்களிடத்தும் நெடுங்காலமாகக் குடிகொண்டிருக்கும் ஒரு மயக்கம். விஷயம் எத்துணை உயர்ந்ததாயினும், அது எழுதப்பட்ட பக்கம் வாசகனுக்குத் திறக்காவிட்டால், திறந்தும் கண்ணுக்குத் தெளிவுபடாவிட்டால், தெளிவுபட்டும் வேண்டிய இடம் எங்கே இருக்கிறதென்று அகப்படாவிட்டால், அவ்வுயர்வால் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை. இணையதளம் அமைப்பவர்கள் செய்யும் பிழைகள் என்று இன்று பேசப்படுபவை பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்கிவிடும். அவை கணினியோடு பிறந்த புதுப் பிழைகள் என்று பலர் நினைக்கிறார்கள். கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நம்முடைய கடலூர்ப் பகுதியின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போமானால், ஏடு இருந்த காலத்திலும் அச்சு வந்த காலத்திலும் அதே பிழைகள் வேறு வேறு உருவத்தில் நேர்ந்ததும், பெரியோர்கள் பெரும் பிரயாசை எடுத்து அவற்றைத் திருத்தியதும் தெளிவாக விளங்கும்.

தில்லை என்னும் சிதம்பரத்துக் கோயிலில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் அதனை விரித்துரைக்கிறது. மூவர் பாடிய பதிகங்கள் அம்பலத்தின் பின்புறத்தில் ஓர் அறையில், அம்மூவருடைய கை அடையாளத்தோடு பூட்டப்பட்டிருந்தன என்றும், பாடிய மூவரும் வந்தால்தான் அறை திறக்கும் என்று தில்லைவாழ் அந்தணர் கூறவே, சோழ மன்னன் மூவருடைய திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான் என்றும், உள்ளே ஏடுகளைச் செல்லரித்துப் புற்று மூடியிருக்கக் கண்டு எண்ணெய் சொரிந்து எஞ்சியவற்றை எடுத்தார்கள் என்றும், அவற்றை நம்பியாண்டார் நம்பி திருமுறைகளாக வகுத்தார் என்றும் அப்புராணம் சொல்லும். இது சொல்லாமற் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஏடுகள் பத்திரமாக இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தினால்தான் அவை பூட்டப்பட்டன. ஆனால் படிப்பார் கைபடாமற் போனதனாலேயே அவற்றுட் பெரும்பகுதி அழிந்தது. திறப்பதற்கு அரிய நிபந்தனை விதிக்கப்பட்ட எழுத்து, காவலில் இருப்பதாகத் தோன்றினும் அழிவை நோக்கியே சென்றுகொண்டிருக்கிறது.

அறை திறந்து ஏடு கைக்கு வந்துவிட்டாலும் இடர் தீர்ந்துவிடுவதில்லை. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கத்தையே விட்டிருந்தார்கள். எகர ஒகரக் குறில்களுக்குப் பழைய இலக்கணம் விதித்த புள்ளியும் ஏட்டில் இடம்பெறவில்லை. ஆகையால் எரி என்று எழுதினாலும் ஏரி என்று எழுதினாலும் ஓலையில் ஒரே வடிவந்தான் நிற்கும். வீராணம் ஏரிக்கரையில் வாழ்கிறவன் அதனை நீர் என்று படிப்பதா நெருப்பு என்று படிப்பதா என்பதை முன்பின் நோக்கித்தான் துணியவேண்டும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. செய்யுளாயினும் அடி பிரிக்காமல் ஓலையின் அகலம் உள்ளமட்டும் எழுதிக்கொண்டே போவார்கள். ஓலை அருமையானது, எழுத்தாணிக்கு அடங்காத பண்டம் என்ற நியாயங்கள் எழுதுவோன் பக்கம் இருந்தன. அவனுடைய சௌகரியத்துக்காக விடப்பட்டவற்றை எல்லாம் நிரப்பிப் படிக்கும் பாரமோ, தலைமுறை தலைமுறையாக வாசகன் தலையிலேயே ஏறியது. ஆசிரியரிடம் பாடங்கேட்டவனுக்கு அது பாரமாகத் தோன்றவில்லை; பாடங்கேட்க வழியில்லாதவனுக்கோ ஏடு ஊமையாகவே இருந்தது.

எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்று நாம் எழுதும் முறையில் நிலைநிறுத்தியவர் வீரமாமுனிவர் என்று வழங்கும் பெஸ்கி பாதிரியார். அவர் காலத்தையொட்டியே, சிதம்பரத்துக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் அச்சுத்தொழிலும் வேரூன்றியது. 1706இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியாராகிய சீகன்பால்கு, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துக்களை 1713இல் பெற்று நூல் அச்சிடத் தொடங்கினார். தமிழ் நாட்டை ஒருநாளும் கண்டறியாத கைவினைஞர்கள் வார்த்த அவ்வெழுத்துக்கள் அளவிற் பெரியனவாக இருந்தமையால், புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி, அளவிற் சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். 1715இல் நூல் நிறைவெய்தியது. எங்கோ இருந்துகொண்டு வகுத்த வடிவம் இங்குள்ள காகிதத்துக்கும் கைக்கும் பொருந்தவில்லை என்று கண்டவுடன், உள்ளூரிலேயே அதனை மாற்றிக்கொண்ட இந்த விவேகம் அச்சுத்தொழிலின் முதற்பாடமாக நமக்கு வாய்த்தது.

அச்சு வந்த பின்னரும், ஏட்டின் குறைகளை அப்படியே காகிதத்துக்குக் கொண்டுபோனவர்கள் பலர். அச்செழுத்தில் இடைவெளி விடத் தடையில்லை; ஆயினும் பழக்கம் விடவில்லை. அந்நிலையில் தமிழ் உரைநடைப் பக்கத்துக்கு ஒரு புதிய ஒழுங்கை வகுத்துக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். பெரியபுராணத்தை 1852இல் வசனமாக வெளியிட்ட அப்பெருமகனார், மேனாட்டு நூல்களில் வழங்கிய காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி முதலியவற்றைத் தமிழுக்கு இசையுமாறு மேற்கொண்டு, கற்கத் தொடங்கும் சிறுவனும் தடுமாறாதவாறு சந்தி பிரித்துப் பாடநூல்களை அச்சிட்டார். 1864இல் சிதம்பரத்தில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையில் அந்நூல்களின் பயன் கண்கூடாயிற்று. இலக்கணத்தில் அவரினும் கடுமையானவர் அக்காலத்தில் அரியர். ஆயினும், தாம் கற்ற கடினமான முறையிலேயே பிள்ளைகளும் கற்கவேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. வாசகன் எங்கே மூச்சுவிடவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பக்கமே காட்டவேண்டும் என்ற கொள்கை அவர் கைப்பட்ட நூல்களில் எங்கும் துலங்குகிறது.

நாவலர் திறந்த வழியில் மேலும் நெடுந்தூரம் சென்றவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டது தொடங்கி அவர் பதிப்பித்த நூல்களில், நூலாசிரியர் வரலாறு, பாடபேதம், அடிக்குறிப்பு, அரும்பதங்களுக்கு அகராதி என்று வாசகனுக்கு வேண்டிய துணைகள் அடுத்தடுத்து அமைந்தன. ஆயிரக்கணக்கான பாட்டுக்களுள் தனக்கு வேண்டிய ஒன்றைத் தேடுகிறவன் நூல் முழுவதையும் புரட்டவேண்டிய அவசியம் நீங்கியது. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தோற்றுவித்த ஸ்ரீ மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை ஐயர் முதல்வராக இருந்தார். செட்டியார் அவ்வூரில் நிறுவிய கல்விச் சாலைகளின் தொடர்ச்சியாகவே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. ஏடுகள் பூட்டிக் கிடந்த ஊரிலேயே, எந்தப் பாட்டையும் கணத்தில் எடுத்துக் கொடுக்கும் அகராதியின் அருமையை அறிந்த ஒருவர் தமிழ் கற்பித்தார் என்பது நம் பகுதிக்கு வாய்த்த பெரும் பேறு.

இவ்வாறு இரண்டு நூற்றாண்டுகள் பாடுபட்டுப் பெற்ற ஒழுங்கையெல்லாம், கணினி வந்த புதிதில் நாம் மறந்துபோனோம் என்று சொல்லவேண்டியிருக்கிறது. உலகளாவிய வலையின் முதல் தளம் 1991இல் தோன்றியது. 1995ஆம் ஆண்டு சிங்கப்பூரில், அந்நாட்டுக் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழும் அவற்றுள் ஒன்றாக நின்றது. அதன் பின் சில ஆண்டுகளுக்குள் தமிழ் மக்கள் வாழும் தேசங்களில் எல்லாம் தமிழ்த் தளங்கள் பல்கின. ஆர்வம் மிக்கிருந்தது, பொதுவான ஓர் ஒழுங்குதான் இல்லை.

அந்தக் காலத்துக் குழப்பத்தை ஒரு சொல்லைக்கொண்டு விளக்கலாம். கோவில் என்ற சொல்லைக் கணினியில் ஏற்றவேண்டும். அன்றைய எழுத்துருக்களில் இருந்த மொத்த இடங்கள் 256. அவற்றிற் பாதி ரோமன் எழுத்துக்கும் குறிகளுக்கும் போக, எஞ்சிய இடங்களில் தமிழை அடைக்கவேண்டும். சிலர் ரோமன் எழுத்துக்களின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். இரட்டைக் கொம்பை முதலிலும், ககரத்தை அடுத்தும், துணைக்காலை மூன்றாவதாகவும் இட்டு, கண்ணுக்குக் கோ என்று தோன்றும்படி செய்வார்கள். கொம்புக்கு எந்த எண், ககரத்துக்கு எந்த எண் என்பதை அவரவரும் தம் மனம்போனபடி வைத்துக்கொண்டமையால், ஒருவர் எழுதிய கோவில் மற்றொருவருடைய கணினியில், தலையில் புள்ளியும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களின் கூட்டமாகக் காட்சி தந்தது. அதனைத் தமிழாகப் படிக்கவேண்டுமானால், அந்தத் தளத்துக்கே உரிய எழுத்துருவை இறக்கிக் கணினியில் நிறுவிக்கொண்டு வரவேண்டும்; அடுத்த தளத்துக்குச் சென்றால் அதற்கு வேறோர் எழுத்துரு. எழுத்துருவைப் பக்கத்தோடு கூடவே அனுப்பும் உபாயத்தையும் கண்டுபிடித்தார்கள். அதிலும் ஒரு நிறுவனத்தின் உலாவியில் தெரிவது மற்றொன்றில் தெரியாது. தில்லைக் கோயிலறையின் நிபந்தனை, ஆயிரம் ஆண்டு கழித்து, ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் புதிதாக விதிக்கப்பட்டது.

இதனால் விளைந்த கேடு கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தெரியாததே மிகுதி. எழுத்தின் வரிசையே தாறுமாறாக இருந்தமையால் அகரவரிசைப்படுத்த முடியவில்லை. தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியவில்லை. பல ஆண்டுகள் உழைத்து ஏற்றிய பக்கங்கள், எழுத்துரு வழக்கொழிந்ததும், புற்று மூடிய ஏடுகளைப் போலவே படிக்க ஆளின்றிப் போயின. இந்த இடரைக் கண்டு அஞ்சிய சிலர், எழுத்தையே படமாக மாற்றி ஏற்றினார்கள். படம் எல்லாருக்கும் தெரியும் என்பது மெய். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவருக்கு அது வெற்றிடம். அக்காலத்து உலாவு மையங்களில் தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணைப்பு, மிக நன்றாக இருந்தால் விநாடிக்கு 56 கிலோபிட். ஐந்நூறு கிலோபைட் கொண்ட ஒரு பக்கம் முழுதும் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் மாணவனுடைய பணத்தை அலங்காரப் படங்களே தின்றுவிடும்.

இவை தமிழர்க்கு மட்டும் நேர்ந்தன அல்ல. டென்மார்க்கில் பிறந்த அறிஞர் யாக்கோப் நீல்சன், வலைத்தள அமைப்பிற் காணும் பெரும் பிழைகள் பத்தினை 1996ஆம் ஆண்டிலேயே தொகுத்து வெளியிட்டார். ஓடிக்கொண்டேயிருக்கும் எழுத்து, வந்து சேர நெடுநேரமாகும் பக்கம், காலங்கடந்த செய்தி, எங்கிருந்து வந்தோம் எங்கே போகலாம் என்று காட்டாத அமைப்பு, பலன் கருதாமல் புதுமைக்காகவே புகுத்தப்பட்ட நுட்பம் என்று அவர் சுட்டியவற்றுட் பலவற்றை இன்றும் நாம் நாள்தோறும் காண்கிறோம். முகப்பில் அசையும் சித்திரத்தையும் சங்கீதத்தையும் வைத்து, அவை முடியும்வரை வாசகனைக் காக்கவைத்த தளங்கள் ஒருகாலத்தில் பெருமையாகப் பேசப்பட்டன. வாசலில் பெரிய கோலமிட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டது போன்ற காரியம் அது. அச்சித்திரங்களுக்கு ஆதாரமாக இருந்த ஃபிளாஷ் என்னும் கருவியை அதன் உரிமையாளரே 2020ஆம் ஆண்டு முடிவோடு கைவிட்டார்கள். அதனையே நம்பி அமைந்த பக்கங்கள் அன்றோடு மூடுண்டன.

தமிழுக்கு வந்த நோய்க்கு மருந்தும் தமிழர்களே தேடினார்கள். 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில், சுவிட்ஸர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனனும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் பெறும்படி இணையத்தில் ஏற்றினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு, விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு தரத்தை வகுத்தது. உலகத்து எழுத்துக்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கிய யூனிகோடு 1991 முதலே தமிழுக்கும் இடம் கொடுத்திருந்தது. விண்டோஸ் 2000 தொடங்கி அது பொதுமக்கள் கணினிக்கு வந்து, சிறிது சிறிதாகப் பரவி, பிற குறியீடுகளை ஒதுக்கியது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. பன்னாட்டுத் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் கூடும் தமிழ் இணைய மாநாடு, 2012 டிசம்பர் இறுதியில், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே நடைபெற்றது. இன்று சென்னையில் எழுதிய கோவில் சிங்கப்பூரிலும் கோவிலாகவே தெரிகிறது. இதன் பின்னே எத்தனை வாதங்களும் எத்தனை விட்டுக்கொடுத்தல்களும் உண்டென்பதை, இப்போது கைபேசியில் தமிழ் எழுதும் இளைஞர்கள் அறிந்து போற்றவேண்டும்.

அமைப்பின் நுணுக்கம் எதுவும் தெரியாத மக்களுக்கு இணையம் எப்படிப் பயன்படவேண்டும் என்பதற்கு, கடலூருக்கு வடக்கே, புதுச்சேரிக் கடலோரத்தில் ஒரு மகத்தான உதாரணம் இருக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை ஏற்படுத்தத் தொடங்கினார்கள். மக்களுக்கு எந்தச் செய்தி வேண்டும் என்பதை முதலில் அவர்களிடமே கேட்டறிந்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்குத் தேவைப்பட்டது, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற ஒரு செய்தி. அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் ஆங்கிலத்திலும் படங்களிலும் வெளியான அம்முன்னறிவிப்பை மையத்தில் உள்ளவர்கள் நாள்தோறும் எடுத்து, தமிழாக்கி, கரையில் ஒலிபெருக்கி வழியாகச் சொன்னார்கள். எழுத்தறியாதவரும் வலை பின்னிக்கொண்டே அதனைக் கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், கடலூர் மாவட்டக் கரை உட்பட இக்கரை முழுவதையும் ஆழிப்பேரலை தாக்கிய அன்று, நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஓர் எச்சரிக்கை தொலைபேசியில் வந்தது. தகவல் மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் உயிர்தப்பினார்கள். வாசகன் யார், அவன் எந்த நிலையில் இருக்கிறான், அவனுக்கு இப்போது வேண்டியது யாது என்று முன்கூட்டியே சிந்தித்து வைத்த ஏற்பாடு, ஆபத்துக் காலத்தில் உயிர்காக்கும் ஏற்பாடாயிற்று.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் நம் தளங்களில் பழைய பிழைகள் முற்றும் ஒழிந்தபாடில்லை. அச்சிட்ட ஆணையைப் படமெடுத்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். அதில் உள்ள ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது. ஆங்கிலப் பக்கத்தில் ஆழ்ந்து ஒரு செய்தியைக் கண்டுபிடித்தவன் தமிழ் என்ற பொத்தானை அழுத்தினால், அதே செய்தியின் தமிழ் வடிவத்துக்குப் போகாமல் மீண்டும் முகப்புக்கே வந்து நிற்கிறான். ரோமன் எழுத்துக்கு அளந்த வரியிடைவெளியைத் தமிழுக்கும் வைப்பதால், மேல்வரியின் உகரக் கீற்றும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நம் சொற்கள் நீண்டவை என்பதை எண்ணாமல் வகுத்த பொத்தான்களில் சொல் பாதியில் அறுந்து நிற்கிறது. வெள்ளைப் பரப்பில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுதுகிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் குறையலாகாது என்று 2008இல் வெளியான சர்வதேச நெறிமுறை விதித்திருப்பதை அவர்கள் கருதுவதில்லை. படத்துக்கு மாற்று உரை எழுதுவதில்லை. சுட்டி ஒவ்வொன்றுக்கும் ‘இங்கே அழுத்தவும்’ என்றே பெயர் வைத்துவிட்டால், திரையைச் செவியால் படிக்கும் பார்வையற்றவர் காதில் ‘இங்கே, இங்கே’ என்ற ஒலிதான் விழும். சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைக்கு வரும் யாத்திரிகர் தரிசன நேரத்தைத் தேடுகையில், தேதியிடாத பழைய அறிவிப்பு ‘புதிது’ என்று மின்னிக்கொண்டு அவரை ஏமாற்றுமானால், அது சிறு பிழையென்று சொல்லத் தகுமா?

கடலூர் மாவட்டம் புயலும் வெள்ளமும் மாறி மாறி வரும் மாவட்டம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில், செம்மண்டலத்திலோ கிள்ளையிலோ ஒருவர், மின்சாரம் எஞ்சியிருக்கும் கொஞ்ச நேரத்தில், தேய்ந்த அலைவரிசையில், சிறிய கைபேசித் திரையில் நிவாரண முகாம் எங்கே என்று தேடுவார். அந்த வாசகரை மனத்தில் வைத்து வகுத்த பக்கம் நல்ல நாளில் எல்லாருக்கும் நன்றாகவே பயன்படும். அவரை மறந்து வகுத்த பக்கம் எத்தனை அலங்காரம் உடையதாயினும் பயனற்றது.

ஆகையால் இணையதளம் அமைக்கும் இளைஞர்களுக்கும், அமைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கும் பள்ளி, கோயில், சங்கம், அலுவலகம் முதலியவற்றின் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். தளத்தை வெளியிடுமுன், பழைய கைபேசி ஒன்றை எடுத்து, கணினி அறியாத ஒரு பெரியவர் கையில் கொடுத்து, உங்கள் தளத்தில் ஒரு செய்தியைத் தேடச் சொல்லுங்கள்; இடையில் வாய்திறந்து உதவாமல், அவர் தடுமாறும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவ்விடங்களைத் திருத்துங்கள். எழுத்தை எழுத்தாகவே ஏற்றுங்கள், தேதி இடுங்கள், தமிழுக்கு ஆங்கிலத்தோடு சமமான இடம் கொடுங்கள். நாவலரும் ஐயரும் தமிழ்ப் பக்கத்துக்குச் செய்த தொண்டு இதுதான். அதனைத் திரையிலும் தொடர்ந்து செய்யவேண்டியது நம்முடைய கடமை.